பவுனு என்று கூப்பிட்ட பெட்டி

பாண்டியராஜன் வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் மனைவியை "இந்தா" என்பார். கொஞ்சம் தூரத்தில் இருந்தால் "ஏ புள்ள" என்பார். மகள் பிறந்த பிறகு "பாப்பாவோட அம்மா" என்று ஒரு பதவி உயர்வு கிடைத்தது. அவள் அவரை "ஏங்க" என்பாள். அடுத்தவர்களிடம் பேசும்போது "அவுக" என்பாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் கார்டை நீட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். கட்டினவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் அவள் காதில் யார் ஓதினார்களோ, அந்த மகராசியை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஊருக்கு அவள் பவுனுதான். காமயகவுண்டன்பட்டி அவள் பிறந்த ஊர். அண்ணன் சுருளிவேல் வாசலில் நின்று "ஏ பவுனு" என்று கூப்பிட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆனால் வீட்டுக்குள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கம்ப்யூட்டர்.

காலை வேலையை ஒதுக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டு அதன் முன்னால் உட்காருவாள். கறுத்த திரை மெல்ல வெளுக்கும். இங்கிலீஷ் எழுத்தில் 'பவுனு' என்று வரும். அதற்குக் கீழே 'வெல்கம்' என்று வரும். அவ்வளவுதான். அந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் உட்காருகிறாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் மேகப் படம் பார்க்கிறேன் என்பாள். அதுவும் பொய்யில்லை. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். குமுளி மலைக்கு மேல் மேகம் திரளுகிறதா என்று பார்த்து அவள் சொன்ன பிறகுதான் சுருளிவேல் தோட்டத்தில் வெட்டுக்கு ஆள் விடுவார். அதே படம் செல்போனிலும் தெரியும். இருந்தும் தெருவே வந்து "பவுனு, உன் பொட்டில என்ன காட்டுது?" என்று கேட்கும்.

அந்தப் பெட்டியைக் கடையில் வாங்கவில்லை. பாண்டியராஜன் தன் கையால் கட்டியது.

அப்போது அவர் லோயர் கேம்ப் பவர் ஹவுசில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். மலையிலிருந்து தடித்த குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி வந்து டர்பைனைச் சுற்றிவிட்டுக் கால்வாயில் ஓடும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். தங்கைகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றதில், பவுனைக் கைப்பிடித்தபோதே அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. பிறகு ஷிப்டு. அவர் வந்தால் இவள் தூங்குவாள், இவள் எழுந்தால் அவர் கிளம்புவார். "சோறு இருக்கு", "சரி", "குழம்ப சுட வச்சுக்கங்க", "ம்". வருஷக்கணக்கில் இதுதான் அவர்கள் பேசிய பேச்சு. சண்டையும் கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே.

மகள் திரிஷா ஆறாம் வகுப்புக்குப் போனதும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். மனுஷன் மதுரைக்கு நாலைந்து தடவை போய், போர்டு ஒரு கடையில், பிராசசர் ஒரு கடையில், கறுப்புத் தகரக் கேபினெட் ஒரு கடையில் என்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்தார். நடு வீட்டில் போர்வையை விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் பரப்பி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பவுனு திருகாணி எடுத்துக் கொடுத்தாள். அவர் விரல்கள் அப்போது கல்லில் செதுக்கியது போல நிற்கும். நூலளவு ஆணியைக் கூடக் கீழே போடாமல் முடுக்குவார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு விண்டோஸ் போட வேண்டும். கூட வேலை பார்த்த சங்கரலிங்கம் சிரித்தார். "அண்ணே, அதப் போயி யாராச்சும் வாங்குவாகளா? கம்பத்துல பென் டிரைவக் குடுத்தா ஏத்திக் குடுக்குறாக. ஊரே அப்படித்தான் ஓட்டுது."

"கொக்கி போட்டுக் கரண்டு இழுக்குறவனும் இதத்தான சொல்றான்" என்றார் பாண்டியராஜன்.

கள்ளக் கரண்டு என்றால் அவருக்கு ஆகாது. சொந்தச் சித்தப்பா தோட்டத்தில் கொக்கி போட்டதற்காக அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே போகாத ஆள். ஆகவே லைசென்ஸ் விண்டோசை முறையாக வாங்கினார். மினுமினுக்கும் ஒரு ஸ்டிக்கரில், ஐந்தைந்தாக ஐந்து கட்டத்தில், இருபத்தைந்து எழுத்தும் எண்ணுமாக அதன் சாவி அச்சாகியிருந்தது. ஸ்டிக்கரைக் கேபினெட்டின் பக்கவாட்டில், கொஞ்சமும் கோணாமல், நிலப் பட்டாவை ஒட்டுவது போல ஒட்டினார்.

இங்கேதான் வேடிக்கை. கேபினெட் மேஜைக்கு அடியில், கீபோர்டு மேஜைக்கு மேல். ஒருவர் கீழே உட்கார்ந்து டார்ச் அடித்துப் படிக்க வேண்டும், ஒருவர் மேலே தட்ட வேண்டும். திரிஷா பள்ளிக்கூடம் போயிருந்தாள். "இந்தா, நீ உக்காரு" என்றார். பத்தாம் வகுப்போடு நின்றவள், பயந்துகொண்டே உட்கார்ந்தாள். 'பி' என்றார், 'டி' தட்டினாள். 'டி' என்றார், 'வி' தட்டினாள். திரை ஒத்துக்கொள்ளவில்லை. வேறொருவராக இருந்தால் கத்தியிருப்பார். அவர் கண்ட்ரோல் ரூம் ஆள். இரைச்சலுக்கு நடுவே போனில் எழுத்துச் சொல்லும்போது அங்கே ஒரு பழக்கம் உண்டு, எழுத்தைச் சொல்லாமல் ஊரைச் சொல்வார்கள். "பஸ் போர்டுல இங்கிலீஷ்ல ஊர் பேரு பாத்திருக்கேல்ல? நான் ஊரச் சொல்றேன், நீ மொத எழுத்தத் தட்டு."

"சரிங்க."

"கூடலூர். ஒம்பது. தேனி. வீரபாண்டி. ஆறு."

ஜி, ஒன்பது, டி, வி, ஆறு என்று தட்டினாள். அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். "போடி. பெரியகுளம். மூணு. வாட்."

"வாட்டா? அது எந்த ஊருங்க?"

"ஊரு இல்ல. பல்புல போட்டிருக்கும்ல, நூறு வாட், அந்த டபிள்யூ. அடுத்து எக்ஸ்."

"எக்சுக்கு?"

மேஜைக்கு அடியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தேனி ஆஸ்பத்திரி எக்ஸ்ரே" என்றார்.

பவுனு வாய்விட்டுச் சிரித்தாள். "இது என்னங்க பஸ்சு? போடியிலருந்து ஒரே தாவாப் பெரியகுளம் போயி, பல்பு வாங்கிட்டு, எக்ஸ்ரே எடுக்க நிக்கிது." மேஜைக்கு அடியிலிருந்தும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து அவள் கேட்டதும் அன்றைக்குத்தான் கொஞ்சம் அதிகம்.

பாதி வழியில் 'கே' வந்தது. குமுளி என்று சொல்லியிருக்கலாம். அதுதான் பக்கத்து ஊர். அவர் "ஒங்க ஊரு" என்றார். பவுனு காமயகவுண்டன்பட்டியின் முதல் எழுத்தைத் தட்டினாள். ஏனோ கண் கரித்தது.

பிறகு திரை, யார் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது என்று பெயர் கேட்டது. "ஒங்க பேரப் போட்டுருங்க" என்றாள். "நான் ஷிப்டுல கெடப்பேன். இத ஆளப் போறது நீதான், ஒம்பேரப் போடு" என்றார். தட்டினாள். கடைசியாக லைசென்சைப் பதிவு செய்ய வேண்டும். மலையடிவாரத்தில் நெட் கிடைக்காது, போனில்தான் பதிய முடியும். அந்தப் பக்கம் பேசிய குரல் சொன்ன எண்களை அவர் சொல்ல, இவள் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே கால்வாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியதெல்லாம் எண்ணும் எழுத்தும் பஸ் ஊரும்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே.

அப்புறம் வைரஸ் வந்து ஒரு தடவை, ஹார்டு டிஸ்க் போய் ஒரு தடவை என்று மறுபடியும் விண்டோஸ் போட வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கீழே, இவள் மேலே. அதே பஸ், அதே ஊர்கள். கம்ப்யூட்டர் கெட்டுப் போனால் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். பவுனு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள்.

அதெல்லாம் முடிந்து அவர் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்சைக் காலி செய்து, காமயகவுண்டன்பட்டிக்குக் குடி வந்தார்கள். வந்த இடத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, கை நடுக்கம். காப்பி டம்ளரைத் தூக்கினால் பாதி வேட்டியில். கம்பத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடுக்கம் அடங்கவில்லை. இரண்டாவது, அவர் பெயர் காணாமல் போனது. பவர் ஹவுசில் அவர் பாண்டியராஜன் சார். போனில் அந்தப் பெயரைச் சொன்னால் மதுரை ஆபீசில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த ஊரில் அவர் பவுனு வீட்டுக்காரர். டீக்கடையில் பவுனு வீட்டுக்காரர், கோயிலில் பவுனு வீட்டுக்காரர். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வரவர வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். கட்டிலில் சாய்ந்து விட்டத்தைப் பார்ப்பார். பவுனு அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

இந்த ஐப்பசியில், ஆயுத பூஜை முடிந்த கொஞ்ச நாளில், மத்தியான இடி ஒன்று தெருவையே ஆட்டியது. பவுனு பிளக்கைப் பிடுங்க ஓடுவதற்குள் பெட்டி படக்கென்று அணைந்தது. கருகிய வாடை வந்தது.

பாண்டியராஜன் எழுந்து வந்து பார்த்தார். திருப்புளியை எடுத்து ஆணியில் வைத்தார். அது வழுக்கியது. மறுபடி வைத்தார், வழுக்கியது. மூன்றாவது தடவை திருப்புளியையே கீழே போட்டார்.

"பழைய இரும்புக்காரன் வந்தான்னா தூக்கிக் குடுத்துரு" என்றார். "அதுக்கும் வயசாயிருச்சு."

அவர் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று பவுனுக்குப் புரிந்தது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் திரிஷாவுக்குப் போன் போட்டால், "விடும்மா, லேப்டாப் ஒண்ணு அனுப்புறேன்" என்றாள். லேப்டாப்பை வைத்து என்ன செய்வது? அதை யார் கட்டினது? மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். இந்தப் பெட்டி இரும்புக் கடைக்குப் போனால், அவளை வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அதை விட, அந்த மனுஷன் கட்டிலை விட்டு எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் அவர் கண் அயர்ந்த நேரம் பார்த்து, கேபினெட்டைப் பழைய சேலையில் சுற்றி, டவுன் பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போனாள். மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்துக் கண்டக்டர், "என்னக்கா, பிள்ளையத் தூக்கிட்டுப் போறது மாதிரிப் போறீக" என்றார். அவள் சேலை முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விஜய்ராஜ் கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், போடிக்காரர். கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு மட்டும்தாங்க்கா போயிருக்கு. உங்க வீட்டுக்காரரு நல்லா அழுத்தமாக் கட்டியிருக்காக, மத்ததெல்லாம் பொழச்சிருச்சு" என்றார். இதே மாதிரிப் பழைய போர்டு மதுரையில் ஒன்று இருக்கிறது என்று இரண்டு நாளில் வரவழைத்து, அவள் மறுபடி போனபோது பூட்டியும் கொடுத்தார். "போர்டு மாறுனதுனால விண்டோஸ் மறுபடியும் சாவி கேக்கும். அந்தத் தலைவலி எதுக்கு? நானே சும்மா ஒண்ணு ஏத்தி விட்டுர்றேன். காலத்துக்கும் கேக்காது."

பவுனு கொஞ்சம் தடுமாறினாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு தலையசைப்பு போதும், சாயங்காலம் பெட்டி ஓடும். ஆனால் கொக்கி போட்ட கரண்டில் ஓடும் பெட்டியை அந்த மனுஷன் கையால் தொடுவாரா?

"வேணாந்தம்பி. அவுக ஒத்துக்கிற மாட்டாக. எங்ககிட்ட லைசென்சு இருக்கு" என்றாள். விஜய்ராஜ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, விண்டோஸ் ஏற்றுவதற்கான பென் டிரைவை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

பெட்டி மேஜைக்கு அடியில் திரும்ப உட்கார்ந்ததும், அது இரும்புக்காரனிடம் போய்விட்டது என்று நினைத்திருந்த பாண்டியராஜன் கட்டிலிலிருந்து கழுத்தை நீட்டினார். "யாரக் கேட்டுத் தூக்கிட்டுப் போன?" என்று ஒரு சத்தம். பவுனு காதில் வாங்காமல் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. அந்தச் சத்தம் கேட்டதும் மனுஷனால் படுத்திருக்க முடியவில்லை. உம்மென்று வந்து நின்றார். அப்புறம் மெல்ல உட்கார்ந்தார். "டார்ச்சு எங்க?" என்றார்.

ஸ்டிக்கரில் வெளிச்சம் விழுந்தது.

அங்கே வட்டமாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். போன ஆயுத பூஜையின் பொட்டு. வருஷா வருஷம் பவுனு வீட்டில் உள்ள மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். பெட்டிக்கு எங்கே வைப்பது? பளபளவென்று முத்திரை போல இருந்த அந்த இடம்தான் அவளுக்கு நெற்றி மாதிரி தெரிந்தது. கெட்டிச் சந்தனமாகக் குழைத்து அழுத்தி வைப்பாள். அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னால் ஈரத் துணியில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துத் துடைப்பாள். சுத்தபத்தமான பெண் பிள்ளை, தேய்க்கிற தேய்ப்பில் பித்தளையே பல்லைக் காட்டும். அச்சு எம்மாத்திரம்.

பாண்டியராஜன் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். அதோடு சேர்ந்து ஸ்டிக்கரின் தோலும் உரிந்து வந்தது. முதல் கட்டம் தெரிந்தது, கடைசிக் கட்டம் தெரிந்தது. நடுவில் இருந்ததெல்லாம் வெள்ளை.

"யாரு இத இப்படித் தேச்சது?"

"சாமிக்கு வச்சதுங்க" என்றாள் பவுனு. "பவர் ஹவுசுல மெஷினுக்கெல்லாம் நீங்களும் வைப்பீகள்ல."

"மெஷினுக்கு வச்சோம். மீட்டர் முள்ளு மேலயா வச்சோம்?" என்றார். கோபம் வந்தது, வந்த வேகத்தில் வடிந்தும் போனது. டார்ச்சை அணைத்தார். "விடு. நல்ல சாமி. இதோட போதும்னு அதுவே சொல்லிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பவுனு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் கையாலேயே அழித்திருக்கிறாள். பொட்டு வைத்து, கும்பிட்டு, அழித்திருக்கிறாள். திரை வெள்ளையாகச் சாவி கேட்டபடி நின்றது. எவ்வளவு நேரம் நின்றாளோ, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டிக்கரில் மிச்சமிருந்த முதல் கட்டத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

"கூடலூர். ஒம்பது. தேனி. வீரபாண்டி. ஆறு." கொஞ்சம் நிறுத்தினாள். பஸ் அங்கே நிற்கவில்லை. "போடி. ஒரே தாவாப் பெரியகுளம். மூணு. பல்பு. எக்ஸ்ரே."

கட்டிலில் அசைவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். சிரித்த இடங்களெல்லாம் நினைவில் நின்றன. மூன்றாவது கட்டத்தில் பாதி வந்ததும் சொன்னாள், "அப்புறம் ஒங்க ஊரு."

"குமுளி" என்றது கட்டில்.

"இல்லங்க. ஒங்க ஊருன்னுதான் சொன்னீக."

"நான் எப்பவும் கேக்குக் குமுளிதான் சொல்லுவேன்."

"மதுரைக்காரனுக்குச் சொல்றப்ப குமுளின்னு சொல்லியிருப்பீக. எனக்கு ஒங்க ஊருன்னுதான் சொன்னீக" என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு கறாராக அவரிடம் பேசியதில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்துதான் என்பது இரண்டு பேருக்கும் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"மேல சொல்லு" என்றார்.

நாலாவது கட்டத்தில் அவளுக்கு ஒரு ஊர் சறுக்கியது. அவர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எண் மறந்தது, அவள் எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கட்டத்தை ஸ்டிக்கரில் பார்த்துத் தட்டினாள். திரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் திரும்ப முதலிலிருந்து பஸ் ஏறினார்கள். "தேவாரம்னு டாக்டர் 'டி'யத் தட்டியிருக்க. அங்கன தேனிதான் வரும். தேவாரம் ரோடு ஒடஞ்சு கெடக்கு, பஸ் அந்தப் பக்கம் போகாதுன்னு சொன்னேன்ல" என்றார். அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவில்லை. மாற்றித் தட்டினாள். திரை நகர்ந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "ஏறட்டும், நேரமாகும்" என்று அவர் கொல்லைப் பக்கம் போனார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார்.

கோப்புகள் ஏறி முடிந்து, பெட்டி தானாக அணைந்து, தானாக எழுந்தது. யார் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது என்று கேட்டது. பவுனு 'பி' தட்டினாள். அவள் பெயருக்கும் அதுதான் முதல் எழுத்து. அடுத்து 'ஏ'. அதுவும் ஒன்றுதான். மூன்றாவது எழுத்துக்கு முன்னால் விரல் நின்றது. கொல்லைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடகடவென்று தட்டி முடித்து, பெருமூச்சு விட்டாள்.

கடைசியில் லைசென்சைப் பதிய, போர்டு மாறியதால் நெட்டில் ஒத்துக்கொள்ளாமல் போன் செய்யச் சொன்னது. பவுனுதான் அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள், தமிழில்தான் பேசினாள். எதற்காகத் திரும்பப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். இடி விழுந்ததைச் சொன்னாள் பவுனு.

"லைசென்ஸ் யார் பேர்ல வாங்கினது மேடம்?"

"எங்க வீட்டுக்காரவுக."

"அவங்க பேர்?"

பவுனு மென்று விழுங்கினாள். "மதுரைய ஆண்டாகல்ல, அந்தப் பேரு."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "மீனாட்சியா மேடம்?"

கொல்லைப் பக்கமிருந்து வந்தவர் நிலைப்படியில் நின்று அதைக் கேட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். எத்தனை மாதம் ஆகியிருக்கும் அவர் அப்படிச் சிரித்து. போனை வாங்கினார். "பாண்டியராஜன், லோயர் கேம்ப்" என்றார்.

கை நடுங்கியது, போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குரல் நடுங்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் மணிக்கு ஒரு தடவை ரீடிங் சொன்ன அதே குரல். அந்தப் பெண் கட்டம் கட்டமாகச் சொன்ன எண்களை வாங்கி, அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, பவுனு தட்டினாள். "ஏழு. ரெண்டு. ரெண்டு. சுன்னம்." அவள் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். அவர் சட்டையில் வெயில் வாடை அடித்தது. இன்னும் பத்துக் கட்டம் இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. திரை பச்சைக் குறி காட்டியது. "ஆயிருச்சு மேடம்" என்று அவர் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி வைத்தார்.

"ஒரு தடவ அணைச்சுப் போடு, பாப்போம்" என்றார்.

அணைத்துப் போட்டாள். திரை வெளுத்தது. 'பாண்டியராஜன்' என்று வந்தது. கீழே 'வெல்கம்' என்று வந்தது.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பது போல உதடு அசைந்தது. "ஒம்பேருல்ல வரணும்" என்றார்.

"இத்தன வருசம் என்னையத்தான கூப்புட்டுச்சு" என்றாள் பவுனு, கீபோர்டைத் துடைத்துக்கொண்டே. "நீங்க பவர் ஹவுச விட்டு வந்ததுலருந்து ஒங்கள யாரும் பேரு சொல்லிக் கூப்புடல. எனக்கும் வாய் வரல. அதான், அதாச்சும் கூப்புடட்டும்னு."

அவர் திரையை இன்னொரு தடவை படித்தார். பிறகு, கடையில் ஆணி முடுக்காமல் சும்மா சாத்திக் கொடுத்திருந்த கேபினெட்டின் பக்கக் கதவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், ஸ்டிக்கரில் மிச்சமிருந்த சந்தனத்தைக் காய்ந்த துணியால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். பவுனு அடுப்படிக்குப் போய்ப் பால் சட்டியை எடுத்தாள். கண் நிறைந்து சட்டி மங்கலாகத் தெரிந்தது.

"பவுனு" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. "காப்பி இருக்கா?"

நன்றாகத்தான் கேட்டது. அடுப்புக்கும் கொல்லைக்கும் நாலு எட்டுத் தூரம்கூட இல்லை. இருந்தும் பவுனு பதில் சொல்லாமல், சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றாள்.